சாரல் பொய்த்த வருஷம்

குற்றாலத்தில் போய் ஒரு காரியம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால், யாரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து என்று ஆரம்பிக்க மாட்டார்கள். பெரிய அருவி ஆர்ச்சுக்கு மேலே தண்ணி விழுந்த வருஷம் என்பார்கள். ஆடி பூராவும் வெயிலடிச்ச வருஷம் என்பார்கள். பிள்ளை பிறந்தது, மாடு தொலைந்தது, மச்சினன் முறுக்கிக்கொண்டு போனது எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அருவிதான் காலண்டர். கேட்ட வெளியூர்க்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தக் கணக்கில் தங்களுக்குப் பிசகே வராது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. குழல்வாய்மொழிக்கும் இருந்தது. அவளுக்குப் பிசகியது, அதுவும் உயிர் விஷயத்தில்.

குழல்வாய்மொழி என்பது கோயில் அம்மனின் பெயர். ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது அந்தப் பெயரில் இருப்பார்கள். அதனால் 'பங்களாக் குழலு' என்று சொன்னால்தான் இவளைத் தெரியும். ஐந்தருவி ரோட்டில் மதுரை முதலாளி ஒருவர் கட்டிப்போட்ட சீசன் பங்களாவுக்கு அவள் புருஷன் பரமசிவன் காவல், அவள் சமையல். இலஞ்சியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் பின்பக்கத்து ஒற்றை அறையில்தான் குடித்தனம். மகள் முத்துவடிவு பிறந்ததும் வளர்ந்ததும் அச்சன்புதூருக்கு வாக்கப்பட்டுப் போனதும் அந்த அறையிலிருந்துதான்.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் பங்களாவில் வௌவால்களும் இவர்கள் இரண்டு பேரும்தான். ஆனி பிறந்து, மலைமேல் மேகம் இறங்கி, நனைகிற மாதிரியும் நனையாத மாதிரியும் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் ஆவணி வரைக்கும் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிளஷர் கார்கள் வந்து நிற்கும். ஈரத்துண்டுகள் கொடியெல்லாம் தொங்கும். வீடு முழுக்க நல்லெண்ணெயும் சீயக்காயும் மணக்கும். அருவியில் அடிவாங்கிவிட்டு வருகிறவர்களுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. ஒரு அண்டா சோறு போன இடம் தெரியாது. குழல்வாய்மொழி வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காகவே வருஷா வருஷம் அதே பங்களாவைக் கேட்டு வாங்கி வந்தவர்கள் உண்டு. எழுபதுகளில் அந்தப் பக்கம் சீசனுக்கு வந்துபோன யாரையாவது பிடித்துக் கேட்டால், இன்றைக்கும் அந்தச் சொதியைப் பற்றி ஒரு பாட்டம் பேசாமல் விடமாட்டார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் சித்திரை விசுத் திருவிழா முடிந்த கையோடு, குளிக்கும்போது இடது மாரில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் நெருடியது. வலி இல்லாத கட்டியை யார் கண்டுகொள்வார்கள்? முத்துவடிவு வந்து பார்த்துவிட்டு ஒரே பிடியாகப் பிடித்துத் தென்காசி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, திருவனந்தபுரத்துக்குப் போங்கள் என்றார். வைகாசி பிறந்ததும் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இடது மார் முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

காயம் ஆறித் தையல் பிரித்த அன்றைக்கு, அங்கிருந்த டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சத எடுத்தாச்சு. தெரியாதது எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுக்குத்தான் இஞ்செக்‌ஷன். மாசம் ரெண்டு தடவை, ஆறு மாசம். முடி கொட்டும், வாந்தி வரும், வல்லாத்த க்ஷீணம், எந்திரிக்க முடியாத அசதி இருக்கும்."

"போட்டா திரும்ப வராதா, டாக்டரம்மா?"

"வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரதுக்கான சாத்தியம் குறையும். ஆலோசிச்சு ஆனி மாசத்துக்குள்ள வாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட்டா பிரயோஜனம் கொறவு."

அந்த அம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். 'போட்டுக்கோ, பூரணமாகக் குணமாகிவிடும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே வேறு. உண்மை பேசுகிற டாக்டர் வாய்த்தது குழல்வாய்மொழியின் நேரம். ஆரியங்காவு மலைக்குகைகளில் ரயில் இருட்டுக்குள் புகுந்து புகுந்து வெளியே வர, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். செங்கோட்டையில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். ஊசி வேண்டாம்.

முத்துவடிவு அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள்.

"போட்டாத்தான் என்னம்மா ஒனக்கு? எனக்கு நீ வேண்டாமா?"

"ஏட்டி, சைதூனக்கா போடலியா? பணத்துக்குக் கொறைச்சலா, பவுசுக்குக் கொறைச்சலா? மெட்ராசுல பெரிய டாக்டருகிட்ட ஊசியும் போட்டு, வாந்தியும் எடுத்து, கடைசியில என்னாச்சு? போயிட்டாவல்லா! ரெண்டு வேதனை எதுக்கு எனக்கு? ஒண்ணோட போறேன். இருக்க மட்டும் என் அடுப்படியில இருந்துட்டுப் போறேன்."

பரமசிவன் பேசுவதற்குக் கூலி கேட்கிற ஜாதி. அவர் "ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாரியலை எடுத்துக்கொண்டு தோட்டம் கூட்டப் போனார். அங்கே விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை முத்துவடிவு பார்த்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

சைதூனக்கா என்பது மேலப்பாளையத்து ஜவுளிக்கடை முதலாளி வீட்டம்மா, சைதூன் பீவி. ஆடி மாசத்தில் அந்தக் குடும்பம் பங்களாவுக்கு வந்துவிடும். முதலாளி இரண்டு நாளில் கடையைப் பார்க்கப் போய்விடுவார். சைதூனும் மகள் ராபியாவும் சொந்தக்காரப் பெண்களும் தங்கிக் குளிப்பார்கள். குழல்வாய்மொழிக்குப் பங்களாவுக்கு வந்துபோன நூற்றுக்கணக்கான பேரில் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒருத்திதான். வருஷத்தில் ஒரு மாசம் பார்க்கிற சிநேகிதி. மிச்ச மாசமெல்லாம் அடுத்த ஆடிக்குச் சொல்லவேண்டியதைச் சேர்த்துவைத்துக்கொண்டிருப்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வேலை ஓடாத மத்தியானங்களில் அவளுக்கு இந்த நினைப்புதான். ஒரு சீசனில் சைதூனக்கா திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த அல்வாப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. அந்த அம்மாள், ஜவுளிக்கடை முதலாளியின் பெண்டாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதைத் துரத்தினாள். சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க மாட்டாமல் அப்படியே கிடந்து சிரித்தாள். முக்காடு விலகித் தெரிந்த முடி கட்டையாக, சுருள்சுருளாக இருந்தது.

"என்னக்கா, நீட்டு முடில்லா ஒங்களுக்கு? இப்பிடிச் சுருட்டிட்டு வந்திருக்கிய!"

"மெட்ராசுல வச்சதுளா. நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு சைதூன் இன்னும் பலமாகச் சிரித்தாள். பணக்காரர்கள் மெட்ராசில் என்னென்னமோ வைத்துக்கொள்வார்கள் என்று குழல்வாய்மொழியும் சேர்ந்து சிரித்தாள்.

இன்னொரு சீசனில் இரண்டு பேரும் பழைய குற்றாலத்துக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் கிடைக்கவில்லை. தென்னந்தோப்பு வழியாக மழையில் நடந்தே வந்தார்கள். வழியில் வாங்கிய மங்குஸ்தான் பழத்தைத் தின்றுகொண்டு, புருஷன்மார்களைப் பற்றி வெளியே சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பழத்தோல் சாயம் கையிலும் சேலையிலும் பட்டது பட்டதுதான், அப்புறம் எதற்கும் போகவில்லை. முத்துவடிவு கல்யாணத்துக்கு சைதூன் முதல் நாளே வந்து, பட்டுச்சேலையைச் சொருகிக்கொண்டு காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும்விட, குழல்வாய்மொழி காய்ச்சலில் சுருண்டு கிடந்த அந்த சீசன். சைதூன் அடுப்படியில் புகுந்து தேங்காய்ச்சோறும், அவர்கள் கறியாணம் என்கிற கறிக்குழம்பும் ஆக்கினாள். மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கை எட்டவில்லை என்று பரமசிவனைக் கூப்பிட்டுக்கொண்டாள். பிறகு தட்டில் போட்டுக் கொண்டுவந்து குழல்வாய்மொழியை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஊருக்கெல்லாம் பரிமாறியவள் அந்தப் பங்களாவில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அப்புறம் அந்தக் கடைசி சீசன். சைதூன் பாதியாக இளைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அருவிக்கே போகவில்லை. ஒருநாள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். "குழலு, எனக்கு மாருல கட்டி வந்து ஆபரேசன் பண்ணி ஊசியும் போட்டாச்சு. இப்ப எலும்புல வந்திருக்குன்னு சொல்லுதாவ." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. தை மாசம் கடைக் கணக்குப்பிள்ளை வந்து மவுத்துச் செய்தி சொன்னார். நோய் வந்தது, ஊசி போட்டது, எலும்புக்குப் போனது, ஆள் போனது எல்லாம் ஒரே வருஷத்துக் காரியம் என்று குழல்வாய்மொழி எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள்? அதற்கு முந்தின சீசன்வரைக்கும் ஓடியாடித் திரிந்தவள் அல்லவா.

ஆனி பிறந்தது. சாரல் அந்த வருஷம் நேரத்துக்கே ஆரம்பித்துவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை என்றாலும் குழல்வாய்மொழி அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய பாத்திரங்களை பரமசிவன் தூக்கிக் கொடுத்தார். குழல்வாய்மொழியைச் சித்தி முறை வைத்து 'சாச்சி' என்று கூப்பிடுகிற ராபியா இரண்டாவது வாரம் வந்து இறங்கினாள். உம்மா மவுத்தான பிறகு இப்போதுதான் முதல் தடவையாக வருகிறாள். இரண்டு பிள்ளைகள், மாமியார், நாத்தனார். புருஷன் சவுதியில். ராபியா பிள்ளைகளை அருவிக்கு அனுப்பிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள்.

குழல்வாய்மொழி சோறு வடிப்பதற்காகப் பானையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பரமசிவன் பக்கத்தில் இல்லை. பாதி சாய்ந்ததும் இடதுகை சொன்னபடி கேட்காமல் நின்றுவிட்டது. கஞ்சி தளும்பியது. ராபியா துணியோடு பாய்ந்து வந்து பானையைப் பிடித்துக்கொண்டாள். வடித்து முடித்து நிமிர்த்திவைத்தாள். பிறகு குழல்வாய்மொழியின் தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாச்சி, எந்தப் பக்கம்?"

குழல்வாய்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு ஆட்களைத் தவிர ஒருவருக்கும் சொல்லாத விஷயம். மாராப்புக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

"எடது பக்கம்... ஒனக்கு எப்பிடிளா தெரியும்?"

"உம்மா கையும் இப்பிடித்தான் பாதியில நிக்கும். ஊசி ஆரம்பிச்சாச்சா?"

"வேண்டாம்னு இருக்கேன்."

"ஏன் சாச்சி?"

"ஒன்கிட்டச் சொல்லப்படாது தாயி. ஒங்க உம்மா போட்டாவளே, என்ன கண்டாவ? போட்ட வருஷமே போயிட்டாவல்லா."

ராபியா அரிவாள்மணைக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போட்ட வருஷமா? உம்மாக்கு ஊசி போட்டது எப்பம்னு நெனச்சிய?"

"அந்தக் கடைசி வருஷந்தான்."

"இல்ல சாச்சி. சாரல் பொய்த்துச்சே, அந்த வருஷம்."

குழல்வாய்மொழி கரண்டியைக் கீழே வைத்தாள். சாரல் பொய்த்த வருஷம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெரிய அருவியில் பாறை வறண்டு கிடந்தது. ஆடியிலும் புழுதி பறந்தது. பங்களாவுக்கு ஒரு குருவிகூட வரவில்லை.

"அந்த வருஷம் நீங்க வரவே இல்லியே. தண்ணி இல்லன்னுல்லா வரல?"

"தண்ணி இல்லாதது வாப்பாக்கு வசதியாப் போச்சு. ஏன் குத்தாலம் போகலைன்னு சொந்தக்காரவ ஒருத்தரும் கேக்கல. ஆனி, ஆடி, ஆவணி பூரா நாங்க மெட்ராசுலதான் கெடந்தோம். உம்மாக்கு ஒரு முடி மிச்சமில்லாமக் கொட்டிப்போச்சு."

அடுப்பில் விறகு வெளியே வந்து எரிந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிடக்கூட குழல்வாய்மொழிக்குத் தோன்றவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் அந்தச் சுருட்டமுடி?"

"கொட்டி மொளைச்ச முடி. அப்பிடித்தான் சுருண்டு வந்துச்சு."

"கொரங்க வெரட்டிட்டு ஓடுனது?"

"அதுக்கு அடுத்த சீசன்லா."

"பழைய குத்தாலத்துல இருந்து மழையில நடந்து வந்தமே?"

"அதுக்கும் அடுத்தது. மங்குஸ்தான் கறையோட வந்து நின்னியளே, ரெண்டுபேரும்!"

"எங்க வடிவு கல்யாணம்?"

"அதுவும் ஊசிக்கு அப்பறந்தான் சாச்சி."

"எனக்குக் காச்சலு வந்து, ஒங்க உம்மா சோறாக்கிப் போட்டது?"

ராபியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. அஞ்சு வருஷமாளா மறச்சா, கள்ளி?" குழல்வாய்மொழிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"உம்மா சொல்லும், நம்ம சொந்தத்துல எல்லாரும் என்னய மவுத்தான ஆளப் பாக்குத மாதிரி பாக்காவ, குழலு ஒருத்திதான் என்னய வேல வாங்குதான்னு. அவளுக்குத் தெரிஞ்சா அவளும் உக்காரவச்சிருவா, சொல்லாதிய, ஒருத்தரும் சொல்லாதியன்னு எங்க வாயெல்லாம் அடச்சு வச்சிருந்துச்சு."

"ஊசிக்கு அழுவாளா?"

"அழாமெ? ஒவ்வொரு தடவையும் இதோட நிறுத்திருவோம்னு வாப்பாகிட்ட சண்ட போடும். கட்டில் சட்டத்தப் புடிச்சிட்டு வரமாட்டேன்னு படுத்துக்கிடும். அப்பறம் எந்திரிச்சு, சேலய மாத்திட்டுப் போகும்." ராபியா மூக்கை உறிஞ்சினாள். "கடைசியில அது திரும்ப வரத்தான் செஞ்சுது. நான் இல்லன்னு சொல்லல சாச்சி. நடுவுல அஞ்சு சீசன் இருந்துச்சுல்லா."

ராபியா பிள்ளைகளைப் பார்க்கப் போன பிறகு குழல்வாய்மொழி அடுப்படி வாசற்படியில் வந்து நின்றாள். சாரல் காற்றோடு முகத்தில் வந்து அப்பியது. தூரத்தில் ஐந்தருவி இரைந்துகொண்டிருந்தது. அவள் பிடிவாதக்காரி. அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. ஊசிக்கு முந்தின காலத்து சைதூனக்காவையும் ஒருதடவை பார்த்துவிடுவோம் என்று மனசுக்குள் தேட ஆரம்பித்தாள். சாரல் பொய்த்த வருஷத்துக்கு முன்னால் மூன்று நாலு சீசன் வந்திருக்கிறார்களே, அதில் எத்தனை சந்தோஷம் இருந்திருக்கும்?

தேடத்தேட ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் காலத்தில் சைதூன் பீவி என்பது பெரிய வீட்டம்மா. சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும் என்று வேலைக்காரி வந்து சொல்லுவாள். குளிக்கப் போகுமுன் குழல்வாய்மொழியைக் கூப்பிட்டு முதுகில் எண்ணெய் தேய்க்கச் சொல்லுவாள். தேய்த்ததும் கையில் ஒரு ரூபாய் வைப்பாள். "வாரேன்ம்மா" என்று குழல்வாய்மொழி வந்துவிடுவாள். அவ்வளவுதான். அக்கா என்று அப்போது கூப்பிட்டதே இல்லை.

மறுபடி வந்த சீசனில் எண்ணெய் தேய்க்கக் கூப்பிடவில்லை. எண்ணெயைக் கண்டால் உடம்பு அரிக்கிறது என்று சொல்லிவிட்டாள். தன் கை அழுக்காகிவிட்டதோ என்று குழல்வாய்மொழி அன்றைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் தானே அடுப்படிக்கு வந்து, உரலில் உட்கார்ந்து, "என்னளா கோவமா?" என்று கேட்டாள். சிநேகிதம் ஆரம்பித்தது அந்த உரல்மேல்தான். ரவிக்கையை அவிழ்த்து முதுகைக் காட்ட முடியாமல் போனவள், பேச்சுத் துணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

குழல்வாய்மொழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் அப்படியே படுத்திருந்தால், தனக்கு இந்த சைதூனக்காவே கிடையாது. ஜவுளிக்கடை வீட்டம்மா ஒருத்தி வந்துபோனாள், அப்புறம் வரவில்லை என்றுதான் இருந்திருக்கும். இருபது வருஷத்துப் பங்களா வாழ்க்கையில் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட இருக்கிறது எல்லாம் ஊசிக்குப் பிந்தின காலத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அழுதாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் அழுதது அன்றைக்குத்தான்.

பரமசிவன் கடைத்தெருவிலிருந்து காய்கறிச் சாக்கோடு வந்தார். பெண்டாட்டி அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து, சாக்கைக் கீழே வைக்கவும் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்.

"என்னளா?"

"ஒண்ணுமில்ல. சாக்க எறக்கி வையிங்க." குழல்வாய்மொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில செங்கோட்டைக்குப் போயி திருவனந்தபுரத்துக்கு டிக்கெட்டு எடுத்துட்டு வந்துருங்க. வடிவுக்கும் ஆள் சொல்லி விடுங்க, கூட வரட்டும்."

பரமசிவன் சாக்கை இறக்கினார். அதிலிருந்து ஒரு பூசணிக்காய் உருண்டு ஓடியது. அதைப் பிடிக்கக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார், நிமிரவில்லை. குழல்வாய்மொழிக்குப் புரிந்தது. அவர் நிமிர்கிறவரைக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம் அடுப்படிக்கு?" என்று கேட்டார், ஒருவழியாக.

"வேற ஆளு பாருங்க. வாறவகிட்ட மொதல்லயே சொல்லிருங்க, இந்த ஒரு சீசனுக்கு மட்டுந்தான்னு."